ஜப்பான் டிராமா: ஆறாவது எபிசோடில் தெரிந்துவிடும்

ஜப்பானியத் தொலைக்காட்சி டிராமா என்றால் பெரும்பாலும் 10 அல்லது 11 எபிசோட்தான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை புது வரிசை இறங்கும். வாரம் ஒன்று, விளம்பரம் போனால் கையில் நிற்பது 45 நிமிடத்துக்குச் சற்று மேல். வருடக்கணக்கில் பார்த்து வந்ததில், தேறியதையும் சொதப்பியதையும் பிரிப்பது நட்சத்திரமோ பட்ஜெட்டோ இல்லை. இந்தப் பத்து வாரத்தை எழுத்தாளர் எப்படிப் பங்கு போட்டிருக்கிறார் என்பதுதான். அது பளிச்சென்று தெரிகிற இடம் நடு எபிசோட்.

2013-இல் டிபிஎஸ் சேனலில் ஞாயிறு இரவு 9 மணிக்கு வந்த ‘ஹன்சாவா நவோகி’யை எடுத்துக்கொள்ளலாம். டோக்கியோவை உள்ளடக்கிய கான்டோ வட்டாரத்தில் 19.4 சதவீத ரேட்டிங்கில் தொடங்கி, கடைசி எபிசோடில் 42.2 சதவீதத்தைத் தொட்டது. நாயகன் வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. காதல் கதை இல்லை, துப்பாக்கி இல்லை. பேசுவதெல்லாம் கடன், தணிக்கை, இடமாற்றம். பிறகு எப்படி இவ்வளவு கூட்டம்? இகேய்தோ ஜுனின் இரண்டு நாவல்களைப் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். முதல் ஐந்து எபிசோட் ஒசாகா கிளை: 50 கோடி யென் கடனை வாங்கி ஏமாற்றிய எஃகு நிறுவன முதலாளி, பழியை ஹன்சாவா தலையில் கட்டப் பார்க்கும் கிளை மேலாளர். ஐந்தாவதில் அந்தக் கணக்கு சுத்தமாகத் தீர்ந்துவிடுகிறது. ஆறாவதில் டோக்கியோ தலைமையகம், ஒரு பெரிய ஹோட்டலின் கடன், இன்னும் பெரிய எதிரி. கதை தொய்யவேண்டிய இடத்தில் புதுக் கதையே தொடங்கிவிடுகிறது.

பத்தாவதில் இயக்குநர் குழுக் கூட்டம். நிர்வாக இயக்குநர் ஓவாதா தரையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும். ககாவா தெருயுகி அதை நடித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள்: உடம்பெல்லாம் நடுங்குகிறது, முட்டி மடங்க மறுக்கிறது, தன் காலோடு தானே மல்லுக்கட்டித்தான் கீழே போகிறார். வசனத்தால் சொல்லவேண்டியதை முழங்கால் சொல்கிறது. காலில் விழுவதென்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. ஜெயித்த ஹன்சாவாவுக்குக் கிடைப்பதும் பதவி உயர்வு அல்ல, துணை நிறுவனத்துக்கு மாற்றல். அவன் முகத்தோடு டிராமா முடிந்துவிடும். அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

2016-இல் வந்த ‘நிகேரு வா ஹஜி தகா யாகு நி தாத்சு’ முற்றிலும் வேறு ரகம். வேலை போன மிகுரி, தனியாக வாழும் ஐடி ஊழியன் ஹிராமாசா வீட்டில் சம்பளத்துக்கு ‘மனைவி’யாகச் சேர்கிறாள். 10.2 சதவீதத்தில் தொடங்கி 20.8-இல் முடிந்தது, அதாவது இரட்டிப்பு. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வரும் பாட்டின் நடனம் ஊரெல்லாம் பரவியது உண்மைதான். ஆனால் நடனம் ஒரு டிராமாவைப் பதினொரு வாரம் தூக்கி நிறுத்தாது. நோகி அகிகோவின் திரைக்கதையில் ஒப்பந்தம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கட்டிப்பிடிக்கும் நாள் என்று ஒரு விதி சேர்கிறது. டிராமா ஒளிபரப்பானதும் செவ்வாய்தான். ஆறாவதில் ரயிலில் முத்தம். அதற்குப் பிறகு ‘இப்போது நாம் முதலாளி, தொழிலாளியா, வேறு ஏதாவதா?’ என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. பத்தாவதில் கல்யாணம் செய்துகொண்டால் சம்பளச் செலவு மிச்சம் என்று அவன் கணக்கோடு வந்து கேட்க, பாசத்தைச் சுரண்டுவதாக அவள் மறுக்கிறாள். பொருளாதாரக் கேள்வியில் தொடங்கிய கதை அதே கேள்வியில்தான் முறுக்கேறுகிறது.

படுத்துப்போன டிராமாக்களில் ஆறாவது எபிசோட் ஒரே மாதிரி இருக்கும். பழைய காதலி திரும்பி வருவாள், நாயகனுக்கு வெளிநாட்டு மாற்றல் வரும், இல்லையென்றால் யாருக்காவது நோய். முதல் ஐந்தில் ஒரு விதைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். காரணம் தயாரிப்பில் இருக்கிறது. பல நேரங்களில் நேரமும் நடிகரும் முதலில் முடிவாகி, கதை அப்புறம் வருகிறது. ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பாதி படமாகும். ரேட்டிங் விழுந்தால் எபிசோடைக் குறைப்பதும் உண்டு; அப்போது மூன்று வாரக் கதையை ஒரு மணி நேரத்தில் திணித்து, எல்லோரையும் ஓர் அறையில் நிறுத்தி மனதில் உள்ளதைப் பேசவைத்து முடிப்பார்கள். நீண்ட ‘மாங்கா’வை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, பத்து எபிசோடில் அடக்கும்போது வேறொரு கோளாறு: நிகழ்ச்சிகள் எல்லாம் இருக்கும், அவற்றுக்கு நடுவே ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் காணாமல் போயிருக்கும்.

வாரத்துக்கொரு வழக்கு என்ற வகையில் 2018-இன் ‘அன்நேச்சுரல்’ அளவுகோல். பிணக்கூறாய்வு ஆய்வகம், எபிசோடுக்கு ஒரு மரணம். ஆனால் நாகாதோ என்ற மருத்துவர் தன் காதலியைக் கொன்றவனைத் தேடும் இழை அடியில் ஓடுகிறது. வாய்க்குள் சிவப்புத் தங்கமீன் போன்ற ஒரு தழும்பு மட்டுமே தடயம். இந்த அடி இழை இல்லாத வழக்கு டிராமாக்கள் நான்காவது வாரத்திலேயே அலுத்துவிடும்.

நள்ளிரவு அரைமணி டிராமாக்களுக்குக் கணக்கே வேறு. 2009-இல் தொடங்கிய ‘ஷின்யா ஷோகுதோ’வில் இரவு 12 முதல் காலை 7 வரை திறந்திருக்கும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. முதல் எபிசோடில் ரௌடி ரியூ ஆக்டோபஸ் வடிவில் கீறி வறுத்த சிவப்பு சாசேஜ் சாப்பிடுகிறான். பக்கத்தில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான பார் நடத்தும் வயதான கோசுசு, இனிப்பு முட்டைச் சுருள். இருவரும் தட்டை மாற்றிக்கொள்கிறார்கள். நட்பு அங்கே தொடங்கிவிட்டது. ரியூவாக வரும் மாத்சுஷிகே யுதாகாதான் 2012 முதல் ‘கோதோகு நோ குருமே’வில் தனியாகச் சாப்பிட்டே ஒரு டிராமாவைத் தாங்குகிறார். இவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டியதில்லை.

ரேட்டிங்கை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். சகாமோதோ யூஜி எழுதிய ‘குவார்டெட்’ (2017) 9 சதவீதத்தையொட்டியே ஓடியது. பொரித்த கோழிமேல் கேட்காமல் எலுமிச்சை பிழியலாமா என்று நான்கு பேர் முதல் எபிசோடில் சண்டை போடுவார்கள். ஒருமுறை பிழிந்தால் திரும்ப எடுக்க முடியாது என்ற அந்த வாதம்தான் முழுக் கதைக்கும் சாவி.

புதிதாகப் பார்க்கிறவர்கள் நடிகர் பெயருக்கு முன் திரைக்கதை எழுதியவர் பெயரைப் பாருங்கள். முதல் எபிசோடைப் பல சமயம் 15 நிமிடம் நீட்டியிருப்பார்கள். அதன் இழுவையை வைத்துக் கைவிடவேண்டாம், மூன்று வரை பொறுங்கள். ஒரே இரவில் முடிக்காமல் நாளுக்கு இரண்டு போதும். வாரக் காத்திருப்புக்காகவே எழுதிய முடிச்சுகள் இவை, அடுத்தடுத்துப் போட்டால் சப்பென்று ஆகிவிடும்.

இங்கிலீஷ் சப்டைட்டிலை மட்டும் நம்பினால் ஒன்று தவறும்: அழைக்கும் முறை. மிகுரியும் ஹிராமாசாவும் குடும்பப் பெயரிலிருந்து சொந்தப் பெயருக்கு இறங்குவார்கள், பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்க்கும் ‘சான்’ மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வர ஒருவர் எவ்வளவு தயங்குவார் என்று தெரிந்த காதுக்கு அது கேட்கும். ஒலியைக் குறைக்காமல் பாருங்கள்.