மது நச்சுதான் செல்லுலைட் என்று சொன்னார்கள், நம்பி ஏமாந்தேன்

தொடையிலும் பிட்டத்திலும் மேடும் பள்ளமுமாகத் தெரியும் செல்லுலைட்டைப் போக்கித் தருவதாகச் சொன்ன ஓர் உடலழகு நிலையத்தில், 12 அமர்வுகளுக்கும் 3 மாதப் பொடிக்கும் சேர்த்து முன்பணம் கட்டி ஏமாந்தவள் நான். பணம் போனது வருத்தம்தான். ஆனால் அங்கே சொல்லப்பட்ட ஒரு பொய்யை நம்பி, குறைத்திருக்க வேண்டிய குடியைக் குறைக்காமல் அந்த 3 மாதங்களையும் கழித்தேன் என்பதே இன்னும் மனத்தை அறுக்கிறது. இதே பேச்சு வேறு பெண்களிடமும் பேசப்படுகிறது என்று அறிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் ஆலோசகர் கேட்ட முதல் கேள்வியே, "குடிப்பீர்களா, மேடம்?" என்பதுதான். வார இறுதிகளில் இரண்டு மூன்று கிளாஸ் வைன் குடிப்பதுண்டு என்று மறைக்காமல் சொன்னேன். கல்லீரலால் வெளியேற்ற முடியாத மது நச்சு தொடைத் தோலுக்கு அடியில் போய்ப் படிகிறது என்றும், அந்தப் படிவுதான் செல்லுலைட் என்றும் அவர் விளக்கினார். அடுத்து குடியை விடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "நீங்கள் எதையும் விட வேண்டாம். வைனுக்குப் பதிலாக வோட்கா எடுத்துக்கொள்ளுங்கள், அதில் சர்க்கரை இல்லை, கொழுப்பாக மாறாது. மறுநாள் காலையில் இந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தால் நச்சு கழுவிக்கொண்டு போய்விடும்" என்றார். எதையும் விட வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்தான் என்னைக் கையெழுத்துப் போட வைத்தது.

ஒவ்வொரு அமர்விலும் தொடையில் ஏதோ களிம்பைப் பூசி, பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகச் சுற்றி, சூடான போர்வைக்குள் படுக்க வைத்தார்கள். வியர்வை வழிய எழுந்தவுடன் சுற்றளவை அளப்பார்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். வீட்டில் இரண்டு நாள் கழித்து நானே அளந்தால் பழைய அளவே இருக்கும். போனது நீர் மட்டுமே என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கடைசி அமர்வில் நான் உன்னிப்பாகக் கவனித்தேன்: முதல் நாள் தோலைத் தொட்டும் தொடாமலும் சுற்றிய அதே டேப்பை அன்றைக்கு இழுத்துப் பிடித்தார்கள், எடுத்த பிறகு தொடையில் சிவந்த கோடு பதிந்திருந்தது. புகைப்படங்களும் அப்படித்தான். முதல் படம் மேலிருந்து விழும் ஒற்றை விளக்கில், ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் தேங்கும்படி எடுக்கப்பட்டது. கடைசிப் படம் நேர் எதிரே வெளிச்சம் வைத்து எடுக்கப்பட்டது. நேர் வெளிச்சத்தில் நிழல் விழாது, பள்ளமும் தெரியாது.

என் தொடை மாறவில்லை, இடுப்புதான் பெருத்தது; எடை 3 கிலோ கூடியது. வேறொரு காரணத்துக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன. மருத்துவர் குடியைப் பற்றிக் கேட்டபின் வேறு என்ன உட்கொள்கிறீர்கள் என்று கேட்க, பொடிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். அதில் பச்சைத் தேயிலைச் சாறு உட்படப் பல பெயர்கள் இருந்தன, எது எவ்வளவு என்ற அளவு எதற்கும் இல்லை. அடர்த்தியாக்கிய அந்தச் சாறு சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. குடி, பொடி இரண்டையும் அன்றே நிறுத்தச் சொன்னார் மருத்துவர். நிறுத்தினேன், 6 வாரங்களில் நொதிகள் இயல்புக்குத் திரும்பின.

அவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் நான் எதை நம்பினேன் என்பது புரிந்தது. மது எங்கும் படிந்து தேங்குவதில்லை. குடித்ததில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. கொஞ்சம் மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் அப்படியே வெளியேறுகிறது. இடையில் உருவாகும் அசிட்டால்டிஹைடு நச்சுப் பொருள்தான், ஆனால் அது தொடைக்குப் போய்க் குடியிருப்பதில்லை. அதைக் கழுவ ஒரு பொடியும் தேவையில்லை.

வோட்கா பற்றி ஆலோசகர் சொன்னது இதைவிடத் தந்திரமான பொய். அதில் சர்க்கரை இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி உண்டு. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4, கொழுப்பில் 9. 12 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 150 மில்லி வைனிலும், 40 விழுக்காடு உள்ள 44 மில்லி வோட்காவிலும் ஏறக்குறைய ஒரே அளவாக 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதாவது ஆல்கஹாலிலிருந்து மட்டும் சுமார் 98 கலோரி. மது நேரடியாகக் கொழுப்பாக மாறுவது சிறிதளவே என்பதால் அவர் சொன்னது அரை உண்மை. மறைத்தது மீதிப் பாதியை. ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடலில் இடமில்லாததால் அதையே முதலில் எரிக்கிறது, அது எரிந்து தீரும்வரை கொழுப்பு எரிவது மந்தப்படுகிறது, அந்த நேரத்தில் உண்ட உணவின் கொழுப்பு சேமிப்புக்குப் போகிறது. தொடர்ந்து மிகுதியாகக் குடிப்பவர்களுக்குக் கொழுப்பு கூடும் இடங்களில் வயிற்றுப் பகுதியும் கல்லீரலும் முக்கியமானவை. என் இடுப்பு அளவு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்லுலைட்டின் கதையே வேறு. தோலை அடியிலுள்ள தசையுறையோடு கட்டி வைத்திருக்கும் நார்ப்பட்டைகள் பெண்களுக்குப் பெரும்பாலும் செங்குத்தாக அமைந்திருக்கின்றன. அவை தோலைக் கீழே இழுக்க, இடையிலுள்ள கொழுப்பு மேலே பிதுங்குகிறது. ஆண்களுக்கு அவை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் பிதுங்க இடம் குறைவு. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் செல்லுலைட் இருக்கிறது, ஒல்லியானவர்களுக்கும், மதுவைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும். குடியால் உடற்கொழுப்பு கூடினால் பள்ளங்கள் இன்னும் எடுப்பாகத் தெரியலாம். குடியை விட்டால் எடை குறையலாம். ஆனால் அந்த நார்ப்பட்டைகளைப் பொடியும் பிளாஸ்டிக் தாளும் எட்டுவதே இல்லை. இது நோயன்று, அசுத்தமும் அன்று. எனக்கு அசுத்தம் என்று சொல்லித்தான் விற்றார்கள், அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த "பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்" என்ற வரியைக் காட்டினார்கள். மது நச்சு பற்றி வாயால் சொன்னதை எழுத்தில் தரச் சொன்னேன், தரவில்லை. பிரிக்காத பொட்டலங்களுக்கு மட்டும் பாதிப் பணம் வந்தது.

இப்படி ஒரு பொடியை இப்போது உட்கொண்டுகொண்டே குடிப்பவர் யாராவது இதைப் படித்தால், பொடியை நிறுத்துங்கள், ஆனால் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லி, கல்லீரல் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிய பணத்தின் ரசீதையும், அவர்கள் எடுத்த இரண்டு படங்களின் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள்.