ஒரே பெருமந்தம், எட்டு வயது வித்தியாசம்

ஒரு பெரும் நெருக்கடி எந்த வயதில் தாக்கியது என்பதைப் பொறுத்து வாழ்க்கை எப்படி மாறுகிறது? இதை அறிய இன்றைய 20 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும் கேட்டு ஒப்பிட்டால், தெரிவது வயதின் வித்தியாசமா, தலைமுறையின் வித்தியாசமா என்று பிரிக்க முடியாது. பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே தொடர்ந்து கவனித்த பதிவுகள் வேண்டும். சமூகவியலாளர் கிளென் எல்டருக்குக் கலிஃபோர்னியாவில் அப்படி இரண்டு தொகுப்புகள் கிடைத்தன: ஒன்று ஓக்லாந்து நகரில், மற்றொன்று பெர்க்லி நகரில்.

ஓக்லாந்துப் பிள்ளைகள் 1920-21இல் பிறந்தவர்கள். 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் முற்றியபோது பதின்வயதை நெருங்கியிருந்தார்கள். 1933க்குள் வருமானம் 35 சதவீதத்துக்கு மேல் சரிந்த வீடுகளில், பையன்கள் சின்னச் சின்ன வேலைகளுக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் வீட்டுவேலையைச் சுமந்தார்கள். தன்னால் குடும்பத்துக்கு உபயோகம் உண்டு என்ற தெம்பு அதில் வந்தது. பெரியவர்களானபோது அது கைகொடுத்தது.

பெர்க்லி பிள்ளைகள் 1928-29இல் பிறந்தவர்கள், அப்போது சின்னக் குழந்தைகள். உதவும் வயதில்லை. அப்பாவின் எரிச்சலும் வீட்டுச் சண்டையும் நேரே அவர்கள்மேல் விழுந்தன. பையன்களுக்குத்தான் பலத்த அடி: பதின்வயதில் தன்னம்பிக்கையும் இலக்கும் குறைந்திருந்தன. பெண்பிள்ளைகளை அம்மாவின் அரவணைப்பு ஓரளவு காத்தது. என் பார்வையில் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி அதற்குப் பிறகு நடந்ததுதான். அந்தப் பையன்களில் பலர் ராணுவத்தில் சேர்ந்து வீட்டுச் சூழலிலிருந்து விலகினார்கள். திரும்பியபின் முன்னாள் ராணுவத்தினருக்கான கல்விச் சலுகையில் படித்து, பின்தங்கிய தூரத்தைப் பெருமளவு பிடித்துவிட்டார்கள்.