60 வயது டிராக்டரும் புல் கருவிகளும்: நான்கு பருவம் ஓட்டிய பிறகு

பழைய புல் கருவிகளை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இரண்டு இடங்களைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒன்று டிராக்டரின் கிளட்ச். இன்னொன்று பேலரில், அதாவது காய்ந்த புல்லை அழுத்திக் கட்டாகக் கட்டும் கருவியில், கயிற்றுக்கு முடிச்சுப் போடும் பகுதி. பெயிண்ட் உரிந்திருக்கலாம், இருக்கை கிழிந்திருக்கலாம், தகரத்தில் ஓட்டை விழுந்திருக்கலாம். அதையெல்லாம் வேலையில்லாத மாதங்களில் கொட்டகையில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். இந்த இரண்டும் கைவிட்டால், வெயில் நன்றாக அடிக்கும் அந்த மூன்று நான்கு நாட்களில் அறுத்த புல் வயலிலேயே கிடந்து கறுத்துப்போகும்.

என்னிடம் இருப்பது 3 ஏக்கர் புல்வெளியும் 5 மாடுகளும். வைக்கோலையும் உலர்புல்லையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. வைக்கோல், தானியம் அடித்தெடுத்த பிறகு மிஞ்சும் தாள். வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். உலர்புல் வேறு. பூ முற்றுவதற்கு முன்பே, தண்டில் சத்து இருக்கும்போதே அறுத்து, பச்சை நிறமும் வாசமும் போகாமல் காயவைத்து எடுத்து வைப்பது. அதற்கு என்னிடம் நான்கு பொருட்கள்: மாசி ஃபெர்குசன் 35 டிராக்டர், 5 அடிக் கத்திப் புல்வெட்டி, அறுத்த புல்லை வரிசையாகக் கூட்டும் விரல் சக்கர வாரி, சிறிய சதுரக் கட்டுகள் போடும் பேலர். நான்குமே வயதானவை. பேலர், வெட்டி, வாரி மூன்றும் யார் செய்தவை என்று நான் எழுதப்போவதில்லை. இந்த வயதில் ஒரு கருவிக்கு அதன் பெயரைவிட, அதை இத்தனை காலம் யார் எப்படி வைத்திருந்தார்கள் என்பதே முக்கியம்.

முதலில் டிராக்டர். 35-இல் 1959 கடைசியிலிருந்து வந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்தான் என்னுடையது. சுமார் 37 குதிரைத்திறன். முன்னோக்கி 6 கியர், பின்னோக்கி 2. இன்றைய கணக்கில் இது சின்ன வண்டி. என் 3 ஏக்கருக்கு இதைவிடப் பெரியது தேவைப்படவே இல்லை. சாவியைத் திருப்பினால் குளிர்ந்த காலையிலும் கிளம்புகிறது. டீசல் குடிப்பது மிகக் குறைவு.

ஆனால் நான் இதை வாங்கியது எஞ்சினுக்காக அல்ல, இரட்டைக் கிளட்சுக்காக. மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரங்கள் நிற்கும். பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு ஓடிக்கொண்டே இருக்கும். முழுக்க அழுத்தினால்தான் அதுவும் நிற்கும். முதல் பருவத்தில் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஃபெர்குசன் டி.இ.20 ஒன்றை இரவல் வாங்கி ஓட்டினேன். 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அந்தச் சாம்பல் நிறச் சின்ன டிராக்டர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வெட்டிக்கும் வாரிக்கும் அது பாங்காக இருந்தது. பேலரைப் பூட்டிய அன்றுதான் வித்தியாசம் தெரிந்தது. புல் வரிசையில் ஒரு தடித்த குவியல் வரும். கிளட்சை மிதிப்பேன். டிராக்டர் நிற்கும், கூடவே வாய் நிறையப் புல்லோடு பேலரும் நின்றுவிடும். மறுபடி கிளட்சை விட்டால் பாரம் தாங்காமல் பேலரின் ஃபிளைவீலில், அந்தக் கனமான சுழல்சக்கரத்தில், இருக்கும் காப்பு போல்ட் முறியும். கருவி உடையாமல் இருக்கவே அந்த போல்ட்டை மெலிதாக வைத்திருக்கிறார்கள். அது தன் வேலையைத்தான் செய்தது. ஒரே மாலையில் ஆறு போல்ட் மாற்றினேன். 35-இல் அதே குவியல் வந்தால் பாதி மிதித்து நிற்கிறேன், பேலர் வாயில் இருப்பதை மென்று முடிக்கிறது, பிறகு நகர்கிறேன்.

எல்லா 35-களிலும் இரட்டைக் கிளட்ச் இருக்காது. ஒற்றைக் கிளட்சோடும் வந்திருக்கின்றன. வாங்கப் போகும்போது பி.டி.ஓ.வை ஓடவிட்டு, மெதுவாக நகர்த்தி, பாதி மிதித்துப் பாருங்கள். வண்டி நின்று தண்டு சுற்றினால் பணத்தை எடுக்கலாம். இன்னும் இரண்டு விஷயங்களுக்கு வண்டி விலையோடு சேர்த்துப் பணம் ஒதுக்கி வையுங்கள். அந்தக் காலத்து டிராக்டர்கள் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இல்லாமல் வந்தவை, நான் பொருத்திக்கொண்டேன். பி.டி.ஓ. தண்டின் மேலுறை பெரும்பாலும் உடைந்தோ காணாமலோ போயிருக்கும். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9. சேலை முனையோ சட்டைக் கையோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இராது. உறை இல்லாத தண்டை நான் ஒருநாளும் ஓடவிட்டதில்லை.

புல்வெட்டியை நான் மனதார நேசிக்கிறேன். முக்கோணத் தகடுகள் வரிசையாக ரிவெட் அடித்த நீளமான கத்தி, இரும்பு விரல்களுக்கிடையே இடதும் வலதுமாக ஓடுகிறது; கத்தரிக்கோல் போலத் தண்டை நறுக்குகிறது. சுழல் வெட்டிகள் புல்லை அடித்துச் சிதைக்கும். இது அடியில் ஒரே சீராக அறுத்து, புல்லை அப்படியே படுக்க வைக்கிறது. அதனால் மண் கலப்பதில்லை, எஞ்சினுக்குப் பாரமும் இல்லை. தண்டு நசுங்காததால் காய்வதற்கு ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கிறது. அதைக் குறையாகத்தான் சொல்ல வேண்டும். சாய்ந்து பின்னிக் கிடக்கும் புல்லிலும் இது திணறும். புற்று மண்ணில் பாய்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

கத்தியை ஆட்டும் கோல் மரத்தால் ஆனது. முதலில் பார்த்தபோது, யாரோ உடைந்த இரும்புக்குப் பதிலாகக் கட்டையைச் செருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். வேண்டுமென்றே அப்படிச் செய்ததாம். கத்தியில் கல் மாட்டினால் மரம் முறிந்து மற்றதைக் காப்பாற்றும். இன்னொரு நுணுக்கத்தைக் கற்க எனக்கு ஒரு பருவம் ஆயிற்று. கத்திச் சட்டத்தின் வெளிமுனை, உள்முனையைவிட ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக முன்னால் இருக்க வேண்டும். ஓடும்போது புல்லின் எதிர்ப்பு அதைப் பின்னுக்குத் தள்ளி நேராக்கிவிடும். நிற்கும்போதே நேராக இருந்தால் ஓடும்போது கோணலாகி, கத்தி சூடேறி, தகடுகள் மழுங்கும். அறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே போகிறேன். முயல்களும் தரையில் கூடுவைக்கும் பறவைகளும் ஓரத்துக்குத் தப்பிப் போக வழியிருக்க வேண்டும்.

வாரியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கம்பிப் பற்கள் கொண்ட சக்கரங்கள் தரையில் உரசியே சுழல்கின்றன, பி.டி.ஓ. கூட வேண்டாம். நான்கில் மிக மலிவாகக் கிடைத்ததும் ஒருமுறைகூடப் பழுதாகாததும் இதுதான். பற்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். அழுத்தி வைத்தால் கல்லையும் மண்ணையும் வாரி வரிசைக்குள் போட்டுவிடும்.

இனி பேலர்.

புல்லை அள்ளி உள்ளே தள்ளி, பிஸ்டன் போன்ற இடிகட்டை இடித்து இடித்து, 14 அங்குல உயரமும் 18 அங்குல அகலமும் உள்ள பெட்டிக்குள் அழுத்துகிறது. வேண்டிய நீளம் சேர்ந்ததும் இரண்டு வளைந்த ஊசிகள் கீழிருந்து கயிற்றோடு மேலே பாய்கின்றன. மேலே கிளி மூக்கு மாதிரி ஒரு கொக்கி இருக்கிறது. கயிற்றின் இரண்டு முனைகளையும் ஒரு வட்டத் தகடு பிடித்துக்கொள்ள, கொக்கி ஒரு முழுச்சுற்றுச் சுற்றி கயிற்றைத் தன்மேல் சுருக்காகப் போட்டுக்கொள்கிறது. மூக்கைத் திறந்து முனைகளைக் கவ்வுகிறது. கத்தி வெட்டுகிறது. ஒரு கை வந்து, கொக்கியின்மேல் இருக்கும் சுருக்கை முனைகளின்மேல் வழித்துவிடுகிறது. முடிச்சு விழுந்துவிட்டது. இத்தனையும் கண் இமைப்பதற்குள். கதிர்க் கட்டும் இயந்திரங்களுக்காக 1870-களின் கடைசியில் ஜான் ஆப்பிள்பி வடிவமைத்த முடிச்சுக் கருவியின் வழிவந்தது இது. முதன்முறை எஞ்சினை நிறுத்திவிட்டு, ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றி இதைப் பார்த்தபோது, அதை யோசித்தெடுத்த மனிதர்கள்மேல் எனக்குப் பொறாமையே வந்தது.

முதல் பருவத்தில் இதே பகுதி என்னை அழவைத்தது. 40 கட்டுகளில் 11 அவிழ்ந்து வயலிலேயே சிதறின. கயிற்றைக் குற்றம் சொன்னேன், புல்லைக் குற்றம் சொன்னேன். ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வந்து, அவிழ்ந்த கயிறுகளை எல்லாம் பொறுக்கிக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாக விரலில் ஓட்டிப் பார்த்தார். "அறுந்த கயிற்றைத் தூக்கி எறியாதே அம்மா, அதுதான் பேசும்" என்றார். ஒரு முனையில் மட்டும் முடிச்சு இருந்த கயிறுகள் ஒரு பக்கம். பிடித்துக்கொள்ளும் தகட்டின் ஸ்பிரிங் தளர்ந்து, இன்னொரு முனை நழுவிப்போயிருந்தது. திருகைக் கால் சுற்று இறுக்கினார். முனைகள் பஞ்சாகப் பிரிந்திருந்தவை இன்னொரு பக்கம். கத்தி மழுங்கியிருந்தது. மூன்றாவது ரகத்தில் முடிச்சு சரியாகவே விழுந்திருந்தது, ஆனால் கொக்கியை விட்டு இறங்காமல் இழுபட்டு அறுந்திருந்தது. கொக்கியில் துரு. மெல்லிய உப்புத்தாளால் நான் அதை ஒரு மணி நேரம் தேய்த்தேன், விரல் வழுக்கும்வரை. வழித்துவிடும் கை கொக்கியின் அடியை உரசுகிறதா என்றும் பார்த்தோம். அடுத்த 100 கட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் அவிழ்ந்தது.

விற்றவர் என்னிடம் "நேற்றுகூட ஓட்டினேன்" என்றார். ஓட்டியிருக்கலாம்; கட்டியிருக்க முடியாது. ஆகவே பேலர் வாங்கப் போகும்போது ஒரு சுருள் கயிறு எடுத்துச் செல்லுங்கள். எஞ்சின் நின்றபின், ஃபிளைவீலைக் கையால் சுற்றி, இரண்டு பக்கமும் முடிச்சு விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஊசிகள் இடிகட்டையில் முட்டாமல் நேரம் தப்பாது ஏறுகின்றனவா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கட்டு நன்றாக விழுந்தாலும் புல் காய்ந்திருக்காவிட்டால் எல்லாம் வீண். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கட்டு பூஞ்சைபிடிக்கும், உள்ளுக்குள் சூடேறும், அடுக்கிவைத்த கொட்டகையே தீப்பற்றியதும் உண்டு. நான் செய்வது எளிய சோதனை. வரிசையின் அடியிலிருந்து ஒரு கைப்பிடிப் புல்லை நறுக்கி, உலர்ந்த கண்ணாடி ஜாடியில் ஒரு கரண்டி உப்போடு போட்டுக் குலுக்குவேன். உப்பு கட்டிதட்டினால் அன்று பேலரைத் தொடுவதில்லை. பனி விலகிய பின் ஆரம்பித்து, மாலைப் பனி இறங்குமுன் நிறுத்திவிடுகிறேன். சென்ற பருவத்தின் முதல் அறுப்பில் 212 கட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் 17, 18 கிலோ. என்னால் தனியாகத் தூக்கி அடுக்க முடிகிற எடை. ராட்சத உருண்டைக் கட்டுகளுக்கு நான் மாறாததற்கு அதுவே காரணம்.

அடுக்கிய பிறகு முதல் சில வாரங்கள் தம்பி ஓர் இரும்புக் கம்பியை அடுக்கின் நடுவில் செருகி வைக்கிறான். காலையில் உருவிப் பிடித்துப் பார்ப்பான். கை பொறுக்கும் சூடு என்றால் சரி. ஒருமுறை, "அக்கா, இதைத் தொட முடியவில்லை" என்று கூப்பிட்டான். மேகத்துக்குப் பயந்து நான் அவசரப்பட்டுக் கட்டிய கடைசி இரண்டு வரிசைகள் அங்கேதான் இருந்தன. 30 கட்டுகளை இறக்கி வெளியே பிரித்துப் போட்டோம். உள்ளே பழுப்பேறி, சுட்ட வெல்லம் மாதிரி வாசம் அடித்தது. மாடுகள் அதை ஆசையாகத் தின்றன. ஆனால் சூட்டில் புரதம் வீணாகிவிடும் என்பதால் அதை நல்ல தீவனமாக நான் கணக்கில் வைக்கவில்லை.

இந்தத் தொகுதி யாருக்குப் பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறேன். 10, 15 ஏக்கருக்கு மேல் தனியாளாகச் செய்ய வேண்டியவர்களுக்கும், கையில் கிரீஸ் படுவதை விரும்பாதவர்களுக்கும் இது வேண்டாம். ஓட்டும் ஒவ்வொரு நாளும் நான் அரைமணி நேரம் கிரீஸ் அடிக்கிறேன், சங்கிலிகளுக்கு எண்ணெய் விடுகிறேன், தளர்ந்த போல்ட்டுகளைத் தேடி இறுக்குகிறேன். அதற்குப் பலனாக, எங்கே சத்தம் மாறினாலும் எந்தப் பகுதி என்று இருக்கையிலிருந்தே தெரிகிறது. கத்தித் தகடுகள், ரிவெட்டுகள், கொக்கிகள் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

இப்போது பேலரின் இடப்பக்கத் தகட்டில் கயிறு பிடிக்கும் பள்ளங்கள் தேய்ந்திருக்கின்றன. ஸ்பிரிங்கை இதற்குமேல் இறுக்கினால் கயிறு அறுகிறது. புதுத் தகடு வந்து மேசைமேல் இருக்கிறது. இரண்டாம் அறுப்புக்கு முன் மாற்றிவிட வேண்டும்.