திருநெல்வேலிச் சாலைகளில் ஒரு பழைய பலேனோ ஆர்.எஸ்.

மாருதியின் பலேனோ ஆர்.எஸ். கார் வைத்திருக்கிறேன் என்றால் பாதிப்பேர், "ஆமா, எங்க சித்தப்பாவும் பலேனோதான் வச்சிருக்காவ" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பம்பரையும் கறுப்பு அலாய் வீலையும் விட்டால் வெளியே பெரிய வித்தியாசம் கிடையாது. எல்லாம் பானட்டுக்குள் இருக்கிறது. சாதா பலேனோவின் 1.2 லிட்டர் எஞ்சினுக்குப் பதிலாக 998 சிசி, மூன்று சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த பூஸ்டர்ஜெட். 102 பி.எஸ். (குதிரைத்திறன்) சக்தி, 150 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. 2017 மார்ச்சில் வந்தது, புகை மாசுக்கான பி.எஸ்.6 விதி வருகிற நேரத்தில் 2020-இல் நின்றுபோனது. என்னுடையது 2018 மாடல். இரண்டாவது ஓனர் நான். மூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது. வாங்கும்போது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஐந்தரை லட்சம் வரை தேறியது, அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

அந்தக் காசுக்குக் கண்ணில் பட்டவை எல்லாமே ஆசை காட்டுகிற வண்டிகள். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஓட்டிப் பார்த்தேன். பிரமாதமான வண்டி, மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் இருப்பது ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக், எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச் வகை. டவுனில் தேர் நேரத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவனுக்கு அந்த கியர்பாக்ஸ் ஒரு நாள் மக்கர் செய்தால் செலவு லட்சத்தைத் தொடும். 145 பி.எஸ். ஃபியட் அபார்த் புன்டோ ஒன்று நாகர்கோவில் பக்கம் விலைக்கு இருந்தது. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டபின் பாகத்துக்கு யாரிடம் போய் நிற்பது? ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல்தான் மனசை ரொம்ப இழுத்தது. 100 பி.எஸ்., 215 நியூட்டன் மீட்டர், கையாளுமையும் அருமை. ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை மூடுவதாக அறிவித்துவிட்டதால் அப்பா ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். ஐ20 என் லைன் அப்போது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஆக, வேகத்தில் முதலிடம் பிடித்ததால் நான் ஆர்.எஸ். எடுக்கவில்லை. ஓடாமல் நின்றால் மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ யாராவது கை வைக்கத் தயங்காத வண்டி அது ஒன்றுதான். இளவயசில் இப்படி ஒரு வண்டி எடுப்பவர்கள் பிக்கப்பைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தேடும்போது முதலில் தள்ளியவை ரீமேப் செய்த வண்டிகள். டர்போ எஞ்சினில் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது சுலபம். அதைச் செய்தவர் ஆயிலையும் கிளட்ச்சையும் எப்படிக் கவனித்தார் என்பது நமக்குத் தெரியாது. விற்கும்போது மறுபடி பழைய மேப்பை ஏற்றிவிட்டால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். காதைக் குடைகிற மாதிரி சத்தம் போடும் சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், நாலு டயரும் நாலு கம்பெனி, இதில் ஏதாவது இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எனக்கு அமைந்தது ஒரு வங்கி ஊழியரின் வண்டி. சர்வீஸ் பில் எல்லாம் ஃபைலில் தேதிவாரியாக இருந்தது. பின்சீட் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் முழுசாக எடுக்கவில்லை!

கூட வந்த மெக்கானிக் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "தம்பி, காலைல குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியளா?" என்பதுதான். சூடாக வைத்துக் காட்டுகிற வண்டியில் பாதி நோய் மறைந்துவிடும். அதனால் மறுநாள் விடிந்ததும் போனோம். புகை இல்லை, தடதடப்பு இல்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், டர்போவுக்குப் போகும் ஹோஸ்களில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தார், அப்புறம் மூன்றாவது கியரில் தாழ்ந்த வேகத்திலிருந்து முழுசாக மிதிக்கச் சொன்னார். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டி நகராவிட்டால் கிளட்ச் போச்சு என்று அர்த்தம். கதவு ரப்பரை உரித்து வெல்டிங் புள்ளிகளைப் பார்த்ததும் அவர்தான். பட்டி பார்த்து பெயின்ட் அடித்த இடம் அங்கே தெரிந்துவிடும்.

ஆர்.எஸ். வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை தயாரான 7,213 பலேனோ ஆர்.எஸ். கார்களை மாருதி 2023 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பில் குறை இருக்கலாம், பிரேக் மிதி கனத்துப் போகலாம் என்பது காரணம். பாகம் இலவசம். மாருதி சர்வீஸில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று சொல்லிவிடுவார்கள். முடியாத வண்டி என்றால் முடித்துத் தரச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பேப்பர் வேலை எளிதுதான். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள், முந்தைய ஓனர் கடனில் எடுத்திருந்தால் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும். ஹெச்.பி. (வங்கிக் கடன் பதிவு) கேன்சல் ஆகாத ஆர்.சி.யை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. இன்சூரன்ஸில் ஒரு சந்தோஷம் உண்டு. இங்கிலாந்தில் எல்லாம் சின்னப் பையன் என்றாலே பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள். இங்கே வயசைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, சிசியைப் பார்க்கிறார்கள். 998 சிசி என்பதால் மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் கட்டணப்படி 2,094 ரூபாய். இதைவிடச் சக்தி குறைந்த 1.2 பலேனோவுக்கு 3,416! பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் மட்டும் நமக்கு வராது, அது ஆளோடு போவது.

சரி, ஓட்டுவது எப்படி? டவுனுக்குள் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். 1700 ஆர்.பி.எம்.முக்குக் கீழே எஞ்சின் தூங்குகிறது. ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டாவது கியருக்கு இறங்காவிட்டால் பின்னால் வரும் மினிபஸ் ஹாரன் அடிப்பான். இந்த வண்டியின் அருமை சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் இருவழிச் சாலையில்தான் புரிந்தது. மேலச்செவல், பத்தமடை, வீரவநல்லூர் என்று ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர். நடுவே வாழைத்தார் லாரி, அறுப்புக் காலத்தில் கதிரறுக்கும் இயந்திரம், அதன் பின்னால் பத்து வண்டி. எதிரே கிடைக்கிற சின்ன இடைவெளியில் மூன்றாவது கியரில் மிதித்தால் சட்டென்று தாண்டி இடப்பக்கம் வந்துவிடலாம். 950 கிலோ வண்டிக்கு அந்த டார்க் தாராளம். எதிர்த்தடத்தில் நிற்கிற நேரம் குறைகிறது பாருங்கள், எனக்கு அதுதான் பாதுகாப்பு. மணிக்கு 140-இல் போவது அல்ல.

140-இல் போக ஆசைப்படுகிறவர்கள் ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று வண்டியைப் பக்கவாட்டில் அறையும். எடை குறைந்த வண்டி, ஸ்டீயரிங்கும் லேசு. 90-க்கு மேல் இரண்டு கையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. லாரியை முந்தி அதன் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் ஒரு தள்ளு தள்ளும், முதல் தடவை வியர்த்துவிட்டது. செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் ஏறுவது நேர்மாறான அனுபவம். கனிமவள லாரிகளின் வரிசை குறைந்த விடியலில் போனால், இரண்டாவது மூன்றாவது கியரிலேயே சிரித்துக்கொண்டு ஏறலாம். இறக்கத்தில் நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருப்பது தைரியம் தருகிறது.

அந்த டிஸ்க்கால் ஒரு சின்ன வேடிக்கையும் நடந்தது. பின் பிரேக் பேட் மாற்றக் கடையில் "பலேனோ" என்றதும் டிரம் பிரேக் ஷூவை எடுத்து நீட்டினார். சாதா பலேனோவுக்கு அதுதான். ஆர்.எஸ்.ஸுக்கு மட்டுமான பாகங்களைச் சேசிஸ் எண் சொல்லி ஆர்டர் போட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். மற்றபடி சஸ்பென்ஷனில் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் மாற்றியதெல்லாம் நம்மூர் ரோடு வாங்கிக்கொண்ட காணிக்கை. எந்த வண்டியாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆயில் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. முழு சிந்தெடிக், அதுவும் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே. நான்கு வழிச்சாலையில் விரட்டி வந்து நாங்குநேரியில் டீக்கு நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்புவதில்லை, அரை நிமிஷம் ஐடிலில் விட்டு டர்போவை ஆற வைக்கிறேன். கூட வருகிறவர்கள் "பெட்ரோல் சும்மா வந்துச்சோ?" என்பார்கள்.

பெட்ரோல் சும்மா வரவில்லைதான். டவுனில் லிட்டருக்கு 12, 13 கிலோமீட்டர் கிடைக்கும், ஹைவேயில் நிதானமாகப் போனால் 17, 18. டேங்க் 37 லிட்டர் மட்டும், சென்னைக்கு ஒரே டேங்க்கில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்பிக் கிளம்ப முடியாது. பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் மட்டும் ஓட்டப்போகிறவர்களுக்கு 1.2 தாராளமாகப் போதும், விலையும் குறைவு. கேட்ட நண்பர்கள் இரண்டு பேருக்கு அதைத்தான் சொன்னேன். ஒருவன் சொன்ன பேச்சைக் கேட்டான். இன்னொருவன் தென்காசியில் ஒரு ஆர்.எஸ். பார்த்து வைத்திருக்கிறான், இந்த ஞாயிறு விடியக்காலை அண்ணாச்சியோடு போய்ப் பார்க்க வேண்டும்.