முதல் ஆட்டத்தில் யாரை எடை போடலாம்: ஹாஃப்பேக்கையா, ப்ராப்பையா?

ரக்பி லீக்கில், ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல்-இலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் களமிறக்கினால், 80 நிமிடம் முடிவதற்குள் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஒரு கட்சிக்கு அவர் கொடுத்த காசுக்கு வந்த ஆள். மற்றதற்கு, அணிக்கு அளவாகக் கிடைக்கும் வெளிநாட்டு வீரர் இடங்களில் ஒன்று வீண். சண்டை பெரும்பாலும் 7-ஆம் எண் சட்டைக்காரரான ஹாஃப்பேக்கை, அதாவது தாக்குதலை நடத்துகிறவரைப் பற்றித்தான். ஒரே ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாத இடமும் அதுதான். சொல்லக்கூடிய இடம் 8-உம் 10-உம்: ப்ராப், முன்வரிசையில் மோதும் ஃபார்வர்டு.

ப்ராப்புக்குக் கூட்டாளி பழக வேண்டியதில்லை. பந்தை வாங்கி நேராக மோத வேண்டும், அவ்வளவே. முதல் தவணையில் 20, 25 நிமிடம் இருப்பார். பந்தோடு முன்னேறிய மீட்டர் கணக்கைவிட அவர் விழும் விதத்தைப் பாருங்கள். மூன்று பேர் தொங்கினாலும் முழங்கையும் முழங்காலும் தரையில் படக் குப்புற விழுந்தால், சட்டென எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ளிவிடலாம். எதிரணி 10 மீட்டர் பின்வாங்கி முடிப்பதற்குள் பின்னால் நின்று அதை எடுக்கும் டம்மி ஹாஃப் கிளம்பிவிடுவார். மல்லாக்க விழுந்தால் புரண்டு எழவே நேரம் போய்விடும், அதற்குள் தடுப்புவரிசை நிமிர்ந்து நின்றுவிடும். (மீசையில் மண் ஒட்டினால் இங்கே பெருமைதான்.) 15-ஆவது நிமிடத்துக்குப் பிறகு இன்னொன்று தெரியும்: எதிராளியைத் தடுக்கும்போது களைத்தவரின் கை மேலே ஏறும், தலையில் பட்டால் மஞ்சள் அட்டை வரலாம், வந்தால் 10 நிமிடம் வெளியே. சீக்கிரம் மூச்சு வாங்குகிறவர், அணிக்கு இருக்கும் 8 மாற்றுகளையும் தின்றுவிடுவார்.

ஹாஃப்பேக் கதை வேறு. அவருடைய பாஸ் நல்லதா என்பதை வாங்குகிறவரின் ஓட்டமும் சேர்ந்தே முடிவு செய்யும். பக்கத்தில் ஓடிவரும் செகண்ட் ரோ ஃபார்வர்டு அரை அடி முந்தினால் பந்து முதுகுக்குப் பின்னால் போகும். கூட்டம் புதியவரைத்தான் திட்டும். பருவம் தொடங்கும் பிப்ரவரி ஈரத்தில் இது இன்னும் மோசம். அவர் கையில் மட்டும் இருப்பது ஐந்தாவது டாக்கிள் (பந்தோடு பிடிபடுவது; ஒரு முறைக்கு ஆறுதான்) முடிந்ததும் வரும் உதை. தரையோடு உருட்டிய பந்து எதிரணியின் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று, எடுத்தவர் அங்கேயே பிடிபட்டால், எதிரணி பந்தை உதைத்துத் திருப்பித் தர வேண்டும். உதைத்த அணிக்கு இன்னொரு ஆறு டாக்கிள் கிடைக்கும். இரண்டு அடி கூடுதலாக உருண்டு வெளியே போனால் எதிரணிக்கு 20 மீட்டரிலிருந்து ஏழு டாக்கிள். ட்ரை (அந்தக் கோட்டுக்குப் பின்னால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுப்பது) ஒன்றும் போடாத ஆளை ஒதுக்குமுன் இந்த உதைகளை எண்ணுங்கள்.

ஃபார்வர்டு என்றாலே உடனே தெரிந்துவிடும் என்பதும் இல்லை. நியூசிலாந்து நட்சத்திரம் சன்னி பில் வில்லியம்ஸ் 2020 பிப்ரவரியில், அப்போது சூப்பர் லீக்கில் ஆடிய கனடா அணி டொரான்டோவுக்காக ஹெடிங்லியில் மாற்று வீரராக இறங்கினார். எதிரணி காசில்ஃபோர்டு 28-10 என வென்றது. ரக்பியின் இன்னொரு வகையான யூனியனில் பல ஆண்டு கழித்துவிட்டு வந்தவருக்கு அந்த ஆட்டம் உடல்தகுதிச் சோதனை மட்டுமே.

எல்லாருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக்தான் ரசிகரை அதிகம் ஏமாற்றும் இடம். ஒரு நீண்ட ஓட்டம் போதும், மற்றதெல்லாம் மறந்துபோகும். விகன் அணிக்கு 2019-இல் இப்படிப் பின்னால் நின்று ஓடும் ஆளாக வந்த பெவன் ஃபிரெஞ்ச், 2022-இல் ஹல் எஃப்சி-க்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 ட்ரை போட்டார். ஆனால் 2023-இல் சூப்பர் லீக்கின் சிறந்த வீரருக்கான 'மேன் ஆஃப் ஸ்டீல்' விருது வாங்கியது, ஹாஃப்பேக்கின் ஜோடியான ஸ்டாண்ட்-ஆஃப் இடத்தில் ஆடி. முதல் நாளில் அந்த இடத்தில் அவரை யாரும் பார்க்கவே இல்லை.