சம்பளம் ஏறியது, இ.எஸ்.ஐ. போனது: எட்டாவது வருடத்தில் எங்கள் வீட்டு மருத்துவக் காப்பீடு

2018 ஏப்ரலில் எனக்குச் சம்பளம் 20,500-இலிருந்து 22,500 ஆனது. வீட்டில் கேசரி கிண்டினோம். அடுத்த மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இல்லாதது கண்ணில் பட்டது. மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது. பலன் உடனே நின்றுவிடாது, கட்டிய சந்தாவுக்குச் சில மாதம் ஓடும். ஆனால் கதை அதோடு முடிந்தது.

அதுவரை என் பங்காகப் பிடித்தது 1.75 சதவீதம், 359 ரூபாய். அதில் நான், மனைவி, மகள், என்னை நம்பி இருக்கும் அம்மா எல்லோரும் அடக்கம். செலவுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அங்கிருந்துதான் வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் அப்போது ஆண்டுக்கு 72 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். அங்கேயும் நமக்கு இடமில்லை. கோவையில் நான் கணக்கு எழுதும் பம்ப் கம்பெனி சின்னது, குரூப் பாலிசியெல்லாம் கிடையாது. ஆக, நாமே கையூன்றிக் கரணம் போட வேண்டியதுதான்.

2018 ஆகஸ்டில் 5 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகை) எடுத்தேன். எனக்கு அப்போது 36, மனைவிக்கு 33, மகளுக்கு 6. ஜி.எஸ்.டி.யோடு 13,870 ரூபாய். மாதக் கணக்கில் 1,156. இதில் அம்மா இல்லை. அம்மாவைச் சேர்த்தால் வீட்டில் மூத்தவர் வயதுக்குத்தான் பிரீமியம் போடுவார்கள், தொகை எங்கேயோ போய்விடும் என்றார் ஏஜென்ட். அது உண்மைதான்.

அவர் சொன்ன இன்னொன்று உண்மையில்லை. மனைவிக்குத் தைராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் ஃபார்ம்ல போட வேண்டாம் சார், தேவையில்லாம ரிஜெக்ட் பண்ணுவாங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். மனைவிதான் விடவில்லை. "ஏங்க, நாளைக்கு வந்து கேட்டா மாத்திரை டப்பாவை நான் எங்கே ஒளிச்சு வைக்கறது?" எழுதிக் கொடுத்தோம். ரிஜெக்ட் ஆகவில்லை. தைராய்டுக்கு 48 மாதம் காத்திருப்பு, அதுவரை அதற்கான செலவு கிடைக்காது என்று மட்டும் போட்டார்கள். (2024-இலிருந்து இந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான்.) ஃபார்மில் எழுதிய அந்த ஒரு வரி பின்னால் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன்.

முதல் க்ளெய்ம் 2019 நவம்பரில், மகளுக்கு டெங்கு. பெட் கிடைத்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளில்) இல்லை. 38 ஆயிரத்தைக் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு பில்களை அனுப்பினேன். ஒருமுறை இண்டோர் கேஸ் பேப்பர் (உள்நோயாளி சிகிச்சைக் குறிப்பு) இல்லை என்று திருப்பினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே அதன் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். பணம் வர 40 நாள் ஆனது. வந்தது, அவ்வளவுதான்.

2020 வேறு கதை. ஊரடங்கில் பாதிச் சம்பளம். ஆகஸ்டில் ரெனியூவல் வந்தபோது கையில் காசில்லை. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசி தொடரும், காத்திருப்புக் காலக் கணக்கும் போகாது. ஆனால் கட்டாத அந்த நாட்களில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் க்ளெய்ம் கிடையாது. கொரோனா ஊரெல்லாம் சுற்றும் நேரத்தில் 22 நாள் அப்படி இருந்தோம். யாராவது இருமினால் வீடே திரும்பிப் பார்க்கும். 23-ஆம் நாள் மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

அடுத்த மாதமே வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. ஒன்று போட்டேன். ஜூலையில் முதிரும்படி கணக்குப் பண்ணி வைத்தேன். எங்கள் வீட்டில் பிரச்சினை தொகை மட்டுமல்ல, மாதமும்தான். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆகஸ்டில் பிரீமியம், இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும். மாதத் தவணையில் கட்டலாமே என்பார்கள். பார்த்தேன். மொத்தமாகக் கட்டுவதைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தது. க்ளெய்ம் வந்தால் மீதித் தவணைகளை அதில் பிடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது. அந்தத் தவணையை நானே எனக்குக் கட்டிக்கொள்கிறேன், வட்டியாவது வரும் என்று ஆர்.டி.யோடு நின்றுவிட்டேன். இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை. எட்டு வருட அனுபவத்தில் எனக்கு உண்மையாகக் கைகொடுத்தது எது என்று கேட்டால் இந்த ஆர்.டி.யைத்தான் சொல்வேன், எந்தக் கம்பெனியின் பெயரையும் அல்ல.

அந்த வருடம் மே மாதமே அம்மாவுக்கு ஆரோக்கிய சஞ்சீவனி எடுத்திருந்தேன். 2020 ஏப்ரலில் வந்த பொதுவான பாலிசி அது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் விதிகள் ஒன்றுதான், பிரீமியம்தான் மாறும். அம்மாவுக்கு அப்போது 62, அன்றைய நுழைவு வயது வரம்பு 65. சீனியர் சிட்டிசன் பாலிசிகளில் பில்லில் 20, 30 சதவீதம் நம் பங்கு என்று கேட்டார்கள். இதில் 5 சதவீதம்தான். 3 லட்சத்துக்கு எடுத்தேன். அம்மாவுக்குச் சம்மதமில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகாததுக்கு எதுக்குக் கண்ணு காசு கட்டறே?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இனி 2022 அக்டோபர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மனைவிக்குப் பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பி. இதற்கான இரண்டு வருடக் காத்திருப்பு எப்போதோ முடிந்திருந்தது. கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது) அனுமதி கேட்ட அன்று மாலையே கேள்வி வந்தது: நோயாளி 6 ஆண்டுகளாகத் தைராக்சின் எடுப்பதாகக் குறிப்பில் இருக்கிறதே, முன்பே தெரிவித்தீர்களா? 2018 ஃபார்மின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் அனுமதி வந்தது. அந்த ஏஜென்ட் பேச்சைக் கேட்டிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மனைவி எதுவும் சொல்லவில்லை, ஒரு பார்வை பார்த்தாள்.

ஆனால் வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். பாலிசியில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. அந்த வாடகையில் அறை காலியில்லை. 7,500 ரூபாய் அறை இருந்தது. மூன்று நாள்தானே, 7,500 ரூபாய்தான் கூடுதல், கையிலிருந்து கட்டிவிடலாம் என்று சரி சொல்லிவிட்டேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் செய்த கணக்கு அது.

மொத்த பில் 1,27,800. அறை 22,500. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 66,000. மருந்து 21,000. டெஸ்ட், ஸ்கேன் 11,500. கையுறை, மாஸ்க் மாதிரி காப்பீட்டில் வராத சில்லறை 6,800. அறை வாடகையில் மூன்றில் இரண்டு பங்குதான் எனக்கு உரிமை. அதனால் சர்ஜன், தியேட்டர் கணக்கிலும் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுப்பார்களாம். ஆஸ்பத்திரிகள் அறையின் தரத்துக்கு ஏற்ப டாக்டர் கட்டணத்தையும் கூட்டுகின்றன என்பது இதற்குக் காரணம். பெயர் ப்ரப்போர்ஷனேட் டிடக்‌ஷன். நான் 7,500 போகும் என்று நினைத்த இடத்தில் இன்னொரு 22,000 போனது.

அதோடு நிற்கவில்லை. மருந்திலும் டெஸ்டிலும்கூட அதே மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் என்று காலை 11 மணிக்குச் சொன்னார்கள், இறுதி அனுமதி வந்தது இரவு ஏழரைக்கு. அந்த நேரத்தில் சண்டை போடத் தெம்பில்லை. 47,133 ரூபாய் கட்டிவிட்டு வந்தோம். ஆர்.டி. பணம் ஆகஸ்டிலேயே பிரீமியத்துக்குப் போயிருந்தது. மச்சானிடம் 30 ஆயிரம் கைமாற்று.

வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து நிதானமாகப் படித்தேன். மருந்து, டிஸ்போசபிள், இம்ப்ளான்ட், பரிசோதனைகள், ஐ.சி.யூ. வாடகை இவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லேயே விதி போட்டிருக்கிறது. கம்பெனியின் குறைதீர்ப்பு முகவரிக்கு ஒரே ஒரு பக்கத்தில் எழுதினேன். கோபமெல்லாம் காட்டவில்லை. பில்லின் எந்த வரியில் எவ்வளவு கழித்திருக்கிறீர்கள், எது கூடாது, திருப்பித் தர வேண்டியது 10,833 ரூபாய், அவ்வளவுதான். 19 நாளில் பணம் கணக்கில் ஏறியது. மறுத்திருந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்பேன். அதற்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுதி 30 நாள் காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகும் கையை விட்டுப் போனது 36,300. அந்த வருடப் பிரீமியத்தைவிட இரண்டு மடங்கு. மலிவான பாலிசி என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் உண்மையில் எவ்வளவு என்று தெரிந்தது.

2023-இல் பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றினேன். ரெனியூவல் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. காத்திருந்த வருடங்கள் எல்லாம் கூடவே வரும். வாடகை வரம்பு இல்லாமல் தனி அறை என்று இருக்கும் பாலிசியாகப் பார்த்து எடுத்தேன். பழைய இடத்தில் 17,900 கேட்டிருந்தார்கள், இங்கே 22,600. எனக்கு 41 வயது பிறந்ததால் வயதுப் படியும் ஏறிவிட்டது. அப்போதே சூப்பர் டாப்-அப்பும் போட்டேன். முதல் 5 லட்சத்தை ஃப்ளோட்டர் பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் 10 லட்சம் இது தரும். ஃப்ளோட்டரையே 15 லட்சம் ஆக்குவதைவிட இது மிகவும் குறைவு.

அம்மாவுக்கு 2025 ஜனவரியில் கண்புரை ஆபரேஷன். பில் 46,000. ஆரோக்கிய சஞ்சீவனியில் ஒரு கண்ணுக்கு 40,000 வரைதான், அதிலும் 5 சதவீதம் நம் பங்கு. 38,000 வந்தது. மதியம் ஒரு மணிக்கு டிஸ்சார்ஜ் சொன்னார்கள், மூன்றரைக்கு வீட்டில் இருந்தோம். இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்தில் தர வேண்டும், தாமதத்தால் கூடும் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. விதியால்தானா, அன்று கூட்டம் குறைவாக இருந்ததாலா, யாருக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பு இல்லாததே பெரிய நிம்மதி. கண் கட்டு அவிழ்த்ததும் அம்மா முதலில் பார்த்துச் சொன்னது, சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு.

இப்போதைய செலவு: 2025-இல் ஃப்ளோட்டர் 26,432, அம்மாவுக்கு 14,160, டாப்-அப் 4,130. மொத்தம் 44,722, மாதத்துக்கு 3,727. என் கைக்கு வருவது 41,000, மனைவியின் தையலில் சராசரியாக 8,000. சுலபம் என்று சொல்ல மாட்டேன். வெளியே சாப்பிடுவது குறைந்தது, பழைய டூ-வீலரே ஓடுகிறது. ஆர்.டி.யை 4,500 ஆக்கியிருக்கிறேன். பிரீமியம் போக மிஞ்சுவது, பில்லில் கம்பெனி தராத பகுதிக்கு. அதைத் தொடுவதில்லை.

இதை விற்கிறவர்கள் 80டி (பிரீமியத்துக்கான வருமான வரிக் கழிவு), வரி மிச்சம் என்று ஆரம்பிப்பார்கள். என் சம்பளத்துக்கு வரியே கிடையாது, இதில் மிச்சம் எங்கிருந்து வரும்? புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பூஜ்யம் ஆனது. நான் கட்டியது ஆகஸ்டில், அம்மாவுடையது மே மாதத்தில். மூன்றுக்கும் சேர்த்து வரி மட்டும் 6,822. ஃப்ளோட்டர், டாப்-அப் தேதி செப்டம்பர் 22-க்குப் பிறகு இருந்திருந்தால் 4,662 மிஞ்சியிருக்கும். அம்மாவின் அடிப்படைப் பிரீமியம் மட்டும் 10,950-இலிருந்து 12,000 ஆனது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆணை வந்தது. கேட்க வேண்டாத அளவுக்குச் சரியாக ஏற்றியிருக்கிறார்கள்.

கம்பெனிகள் அடிப்படைத் தொகையை ஏற்றாமல் இருந்தால் 2026 ஆகஸ்டில் ஃப்ளோட்டரில் மட்டும் 4,032 குறையும். மனைவி அதற்கு இப்போதே வழி சொல்லிவிட்டாள், தையல் மெஷினுக்கு மோட்டார் போட வேண்டுமாம்.