ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல் பங்கு விற்பனை) வரப்போகிறது என்று வாட்ச் கம்பெனிப் பங்கு விற்கிறார்களா? பணம் கட்டாதீர்கள்

போன வருடம் மச்சான் மூலமாகத்தான் அந்த ஆள் அறிமுகம். கோவையில் சின்ன கம்பெனி. வயதானவர்கள் கீழே விழுந்தால் பிள்ளைகளுக்கு உடனே போன் போகும் ஸ்மார்ட் வாட்ச் செய்கிறோம் என்றார். அதற்கு முந்தைய மாதம்தான் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்திருந்தார். கேட்டதும் மனசு இளகிவிட்டது.

"பங்கு 60 ரூபாய்ண்ணா, பங்குச் சந்தையில லிஸ்ட் ஆனா 300-க்குக் குறையாது." 2,500 பங்கு எடுத்தேன். ஒன்றரை லட்சத்தை இரண்டு நாளாகப் பிரித்து ஜிபே செய்தேன், அவருடைய சொந்தக் கணக்குக்கு. கம்பெனியின் தனி வங்கிக் கணக்குக்குத்தான் அந்தப் பணம் போயிருக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது.

எட்டு மாதமாகப் பேச்சே இல்லை. சந்தேகம் வந்து, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தேன். செலுத்தப்பட்ட மூலதனம், அதாவது கொடுத்த எல்லாப் பங்குகளுக்கும் முகமதிப்புப்படி (பங்கில் குறித்த அடிப்படை விலை) வந்த தொகை, 1,00,000 ரூபாய். தொடங்கிய அன்று இருந்த அதே தொகை. முகமதிப்பு 10 ரூபாய் என்று வைத்தாலே என் பங்குக்கு மட்டும் 25,000 ஏறியிருக்க வேண்டுமே! பணம் வாங்கிய 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். இப்படித் தனிப்பட்ட முறையில் பங்கு விற்பதும் ஒரு நிதியாண்டில் 200 பேருக்குமேல் கூடாது. பங்கு வாங்கிய எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் 340 பேர். அவர் தந்த பங்கு சர்டிபிகேட்டிலேயே 'பிரைவேட் லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பப்ளிக் லிமிடெட்டாக மாறாமல் ஐபிஓ வரவே முடியாது.

அப்புறம் அந்த வாட்ச். பெட்டியில் அச்சிட்டிருந்த பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அடித்தேன். வேறு ஏதோ கம்பெனியின் சார்ஜர் வந்தது. கையில் கட்டிக்கொண்டு மெத்தைமேல் பத்துத் தடவை விழுந்தும் பார்த்தேன். ஒரு தடவைகூடப் போன் வரவில்லை. இதை நம்பியா அம்மாவை வீட்டில் தனியாக விட்டுப் போனேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பணம்கூட அப்புறம்தான்.

பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் கம்பெனிப் பதிவாளரிடமும் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் கட்டிய மற்றவர்களும் ஜிபே ரசீது, சர்டிபிகேட் நகலோடு வாருங்கள். குரூப்பை விட்டு வெளியேறிவிடாதீர்கள். அவர் போட்ட வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதில்தான் இருக்கிறது.